விட்டுக்கொடுப்பதும் முன்னே கொடுப்பதும்

ஓய்வுநேரப் பக்கம்



பொங்கல் விழாவாக இருந்தாலும் சரி, கோடைகால ஒன்றுகூடலாக இருந்தாலும் சரி, எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் ஒரு மூலையில் கரம் பலகையும் சதுரங்கப் பலகையும் கட்டாயம் இருக்கும். இடம் இருந்தால் ஒரு மேசைப்பந்து மேசையும் விரிப்பார்கள். காலையில் இருபது முப்பது பேர் பெயர் கொடுப்பார்கள். பின்னேரம் கிண்ணம் யாருடைய வீட்டுக்குப் போகும் என்பது காலையிலேயே எல்லோருக்கும் தெரியும். போன வருடமும் அதே வீடு, அதற்கு முதல் வருடமும் அதே வீடு.

முதல் சுற்றில் தோற்றவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அடுத்த வருடம் பெயரே கொடுப்பதில்லை. புதிதாக வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கஷ்டம். பாஷை தெரியாமல், ஆட்களைத் தெரியாமல் வருகிற ஒரு பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளோடு சேருவதற்கு விளையாட்டுத்தான் சுலபமான வழி. அந்தப் பிள்ளை பத்து நிமிடத்தில் தோற்று, தாயின் பக்கத்தில் வந்து இருந்துவிட்டால், அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

விளையாட்டென்றால் வெற்றி தோல்வி இருக்கத்தானே செய்யும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தில் இரண்டு பேருக்குமே சுவை இல்லை. வெல்லுகிறவன் கொட்டாவி விடுகிறான், தோற்கிறவன் தலை குனிகிறான். இந்த இதழில் அதற்கு உலகத்தில் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழியைப் பற்றிப் பார்ப்போம். நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. பாடசாலையை இடையில் விட்டுவிட்டு வந்து, இங்கே யேர்மனியில் தொழிற்சாலையில் மூன்று நேர மாறுவேலை செய்கிறவர்கள். சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து விளையாட்டு நடத்துவதில் கண்டதையும், அதற்காகத் தேடி அறிந்ததையும்தான் எழுதுகிறோம்.

எல்லா விளையாட்டுக்கும் இது தேவையில்லை

தாயம், பாம்பும் ஏணியும் போன்றவற்றில் ஆறு வயதுப் பிள்ளை அப்பப்பாவை வெல்லும். அங்கே உருளுகிற கட்டைதான் முடிவு செய்கிறது. முந்நூற்றுநாலில் விளையாடத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்தான், ஆனாலும் நல்ல கை விழுந்தால் புதியவரும் ஒரு ஆட்டம் வெல்லலாம். அதிர்ஷ்டம் இருக்கும் விளையாட்டு தானாகவே கொஞ்சம் சமன் செய்துகொள்ளும்.

சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் மிகக் குறைவு. மேசைப்பந்திலும் கரத்திலும் கொஞ்சம் உண்டு, ஆனால் பெரிய வித்தியாசத்தை மூடிவிடாது. நன்றாகப் பழகியவனும் நேற்று ஆரம்பித்தவனும் நூறு ஆட்டம் விளையாடினாலும் நூறும் ஒரே பக்கம் போகும். இந்த மாதிரி விளையாட்டுகளுக்குத்தான் சமன் செய்வது தேவை.

தெரியாமல் தோற்றுக்கொடுப்பது

எங்கள் வீடுகளில் வழக்கமாகச் செய்வது என்ன? அப்பா பிள்ளையோடு சதுரங்கம் விளையாடும்போது, பிள்ளை அழக்கூடாதென்று வேண்டுமென்றே ராணியைக் கொண்டுபோய் வெட்டுக் கொடுப்பார். அண்ணன் கரத்தில் லேசான காயைத் தவறவிடுவான். இதைத்தான் நாங்கள் விட்டுக்கொடுப்பது என்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் அதில் மூன்று தீமை இருக்கிறது.

முதலாவது, பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும். எட்டு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையையும் இதில் அதிக நாள் ஏமாற்ற முடியாது. கண்டுபிடித்த அன்றைக்கு, அதுவரை வென்ற எல்லா வெற்றியும் பொய்யாகிப் போகும்.

இரண்டாவது, பிள்ளை பிழையான பாடத்தைப் படிக்கிறது. பிழையான நகர்வு வைத்தும் வென்றால், அந்த நகர்வு நல்லதென்றே நினைக்கும். பிறகு பாடசாலையில் ஒரு யேர்மன் பிள்ளையோடு விளையாடும்போது அதே நகர்வை வைத்து பத்து நிமிடத்தில் தோற்று வரும்.

மூன்றாவது, அப்பாவுக்கு அது விளையாட்டாகவே இல்லை. நடிப்புத்தான். நடிப்பு கெதியில் அலுத்துவிடும். பிறகு "எனக்கு வேலை இருக்கு, போய் ரீவியைப் பார்" என்று சொல்லத் தொடங்குவோம்.

இதற்கு மாற்று, ஆட்டம் தொடங்க முதலே, எல்லோருக்கும் தெரியும்படி, இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிடுவது. அப்பா ராணியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உட்காருகிறார். அதன் பிறகு ஒரு சிப்பாயைக்கூட இரக்கத்துக்காக விடுவதில்லை. முழுப்பலத்தோடு விளையாடுகிறார். பிள்ளை வென்றால் அது உண்மையாக வென்றதுதான். அப்பா வென்றால் அவருக்கும் மூளைக்கு வேலை கிடைத்திருக்கும்.

ஊரில் பெரிய பெடியன்கள் "உனக்குப் பத்து விட்டு விளையாடுறன்" என்று சவால் விடுவார்களே, அதேதான் இது. ஆங்கிலத்தில் இதற்கு ஹண்டிகாப் என்று பெயர். யேர்மன் மொழியில் ஃபோர்காபே என்பார்கள். ஃபோர் என்றால் முன், காபே என்றால் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் இனி இதை முன்கொடுப்பு என்றே எழுதுகிறோம்.

தொப்பிக்குள் கை

ஹண்டிகாப் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு உடல் ஊனம்தான் ஞாபகம் வரும். தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்ததிலிருந்து வந்த சொல் என்றும் ஒரு கதை உலாவுகிறது. அது பிழையான கதை.

இங்கிலாந்தில் 1600 களில் பண்டமாற்றுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660 இல் எழுதிய நாட்குறிப்பிலும் அதன் பெயர் வருகிறது. ஒருவரிடம் ஒரு பொருள், மற்றவரிடம் இன்னொரு பொருள். இரண்டும் ஒரே விலை பெறாது. மூன்றாவது ஆள் ஒருவர் மத்தியஸ்தராக இருந்து, குறைந்த பொருள்காரர் மேலதிகமாக எவ்வளவு காசு கொடுக்கவேண்டும் என்று சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு, சம்மதமா இல்லையா என்பதைக் கையை வெளியே எடுக்கும் விதத்தில் காட்டவேண்டும். பந்தயக் காசு ஒன்றும் கட்டியிருப்பார்கள். இருவரும் சம்மதித்தாலும், இருவரும் மறுத்தாலும் அந்தக் காசு மத்தியஸ்தருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் காசு அவருக்கு.

இதில் உள்ள கெட்டித்தனத்தைக் கவனியுங்கள். மத்தியஸ்தர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒருவர் சம்மதிப்பார், மற்றவர் மறுப்பார், மத்தியஸ்தருக்கு ஒன்றும் கிடைக்காது. நியாயமாகச் சொன்னால்தான் அவருக்கு லாபம். பிறகு இதே முறை குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் முதுகில் எவ்வளவு பாரம் கூட்டுவது என்று மூன்றாவது ஆள் தீர்மானித்தார். ஆகவே இந்தச் சொல்லின் வேரில் இருப்பது பிச்சை இல்லை. இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும் சமநிலைதான்.

எவ்வளவு கொடுப்பது? அதற்குத்தான் எண்

முன்கொடுப்பில் சண்டை வருவது "எவ்வளவு" என்ற கேள்வியில்தான். கொடுக்கிறவனுக்கு எப்போதும் அதிகமாகத் தெரியும், வாங்குகிறவனுக்கு எப்போதும் குறைவாகத் தெரியும். அளவுகோல் ஒன்று வேண்டும். அந்த அளவுகோல்தான் திறமை எண்.

யேர்மனியில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1948 இல் அன்ரன் ஹோஸ்லிங்கர் என்பவர் சதுரங்க ஆட்டக்காரருக்கு எண் போடும் முறை ஒன்றை உருவாக்கினார். இங்கோல்ஸ்ரட் என்ற அவருடைய ஊரின் பெயரிலிருந்து அதற்கு இங்கோ எண் என்று பெயர் வந்தது. அதில் எண் சிறிதாக இருந்தால் ஆள் பலசாலி. அமெரிக்காவில் ஆர்பாட் எலோ என்ற பௌதிகப் பேராசிரியர் வேறொரு முறையை அமைத்தார். ஹங்கேரியில் பிறந்து குடிபெயர்ந்து போனவர் அவர். அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960 இலும் உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இலும் ஏற்றுக்கொண்டன. கிழக்கும் மேற்கும் இணைந்த பிறகு, 1993 இல், யேர்மனி முழுவதற்கும் டி.டபிள்யூ.இசெட் என்ற பொது எண் வந்தது. யேர்மன் உச்சரிப்பில் டே-வே-செற் என்பார்கள். எலோவின் கருத்தை ஒட்டியதுதான். இருபது வயது வரையான பிள்ளைகளுக்கு இந்த எண் பெரியவர்களைவிட வேகமாக ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளைகள் கெதியாக முன்னேறுவார்கள். மேசைப்பந்துக்கு 2010 களின் தொடக்கத்திலிருந்து நாடு முழுவதற்கும் ரி.ரி.ஆர் என்ற எண் இருக்கிறது. கழகத்தில் சேர்ந்து போட்டி விளையாடும் உங்கள் பிள்ளைக்கும் இந்த எண் கிடைக்கும்.

எண்ணின் பொருள் என்ன? தனியாக அதற்குப் பொருள் இல்லை. இரண்டு பேருடைய எண்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பொருள். எலோ முறைப்படி வித்தியாசம் ஒன்றும் இல்லாவிட்டால் ஆளுக்குப் பாதி வெற்றி. 100 புள்ளி வித்தியாசம் என்றால் பலசாலி நூற்றுக்கு 64 எடுப்பார். 200 என்றால் 76. 300 என்றால் 85. 400 என்றால் 91. மேசைப்பந்தின் ரி.ரி.ஆர் கணக்கில் அளவு வேறு. அங்கே 150 புள்ளி வித்தியாசமே பதினொரு ஆட்டத்தில் பத்தைப் பலசாலிக்குக் கொடுத்துவிடும்.

ஒரு கொப்பி போதும்

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யாரும் வந்து எண் போட்டுத் தரமாட்டார்கள். ஆனால் நாங்களே போடலாம். கணினி தேவையில்லை, ஒரு கொப்பியும் பேனையும் போதும். எல்லோருக்கும் 1000 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தோற்றவரிடமிருந்து வென்றவருக்குப் புள்ளி மாற்றுங்கள். எவ்வளவு மாற்றுவது என்பதற்கு எலோ கணக்கிலிருந்து எடுத்த சிறிய அட்டவணை இது:

வித்தியாசம் 0: யார் வென்றாலும் 16.
வித்தியாசம் 100: பலசாலி வென்றால் 12, மற்றவர் வென்றால் 20.
வித்தியாசம் 200: பலசாலி வென்றால் 8, மற்றவர் வென்றால் 24.
வித்தியாசம் 300: பலசாலி வென்றால் 5, மற்றவர் வென்றால் 27.
வித்தியாசம் 400: பலசாலி வென்றால் 3, மற்றவர் வென்றால் 29.

இடைப்பட்ட எண்ணுக்குக் கிட்டிய வரியைப் பாருங்கள். சமநிலையில் முடிந்தால், அந்த வரியில் உள்ள இரண்டு எண்களின் வித்தியாசத்தில் பாதி, குறைந்த எண்காரருக்குப் போகும்.

ஓர் உதாரணம். அண்ணனுக்கு 1150, தங்கைக்கு 950. வித்தியாசம் 200. அண்ணன் மூன்று ஆட்டம் வென்றால் மூன்று எட்டு 24 பெறுவான். தங்கை ஒரே ஒரு ஆட்டம் வென்றால் அந்த 24 ஐயும் அப்படியே திருப்பி எடுத்துவிடுவாள். அதாவது 200 வித்தியாசம் என்றால் நாலு ஆட்டத்தில் மூன்று அண்ணனுக்கு, ஒன்று தங்கைக்கு என்று அட்டவணை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தபடி நடந்தால் எண் அசையாது. தங்கை அதைவிட நன்றாகச் செய்தால் எண் தானாகவே கிட்ட வரும். எண் யாரையும் புகழ்வதும் இல்லை, இகழ்வதும் இல்லை. ஒவ்வொருவரும் இருபது ஆட்டமளவில் விளையாடிய பிறகுதான் அதை நம்பத் தொடங்கலாம்.

சதுரங்கத்தில் பழைய வழக்கம்

ஐரோப்பாவில் 1700 களிலும் 1800 களிலும் சதுரங்கம் கோப்பிக் கடைகளில் காசுக்கு விளையாடப்பட்டது. பாரிஸில் இருந்த கபே டி லா ரெஜான்ஸ் அப்படிப்பட்ட பேர்போன கடை. பலசாலியோடு சும்மா விளையாடிக் காசை இழக்க யார் வருவார்கள்? ஆகவே முன்கொடுப்பு சாதாரண வழக்கமாக இருந்தது. அதற்குப் படிகளும் இருந்தன. சிறிய வித்தியாசத்துக்கு ஒரு சிப்பாயை எடுத்துவிட்டு முதல் நகர்வையும் எதிராளிக்குக் கொடுப்பார்கள். அடுத்த படி ஒரு சிப்பாயும் இரண்டு நகர்வும். அதற்கு மேல் குதிரை, அதற்கு மேல் கோட்டை, கடைசியில் ராணி. அமெரிக்காவின் போல் மோர்ஃபி 1858 இல் ஐரோப்பாவுக்கு வந்து பெரிய ஆட்டக்காரர்களை வென்ற பிறகு, இனி ஒரு சிப்பாயும் முதல் நகர்வும் கொடுத்துத்தான் எவரோடும் விளையாடுவேன் என்று சவால் விட்டார்.

ஒழுங்கான போட்டிகள் பெருகிய பிறகு இந்த வழக்கம் மெல்ல மறைந்தது. இப்போது அது வேறொரு இடத்தில் உயிர் பெற்றிருக்கிறது. கணினி மனிதரைவிட எவ்வளவோ பலமாகிவிட்டது. 2016 ஜனவரியில் கொமோடோ என்ற சதுரங்கக் கணினி நிரல், உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான ஹிக்காரு நக்கமுராவுக்கு முன்கொடுப்புக் கொடுத்து நாலு ஆட்டம் விளையாடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெவ்வேறு அளவு. மூன்று சமநிலை, கடைசி ஆட்டத்தில் கணினி வென்றது. உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஒருவரே முன்கொடுப்பு வாங்கி விளையாடுகிறார் என்றால், எங்கள் மண்டபத்தில் வாங்குவதில் என்ன வெட்கம்?

கோ விளையாட்டு சொல்லித் தரும் பாடம்

எண்ணையும் முன்கொடுப்பையும் ஒன்றாகப் பொருத்திக் காட்டியவர்கள் கிழக்காசிய நாட்டுக்காரர்கள். கோ என்று யப்பானில் சொல்லப்படும் விளையாட்டு, சீனாவில் வெய்ச்சி, கொரியாவில் பதுக். 19 கோடுகள் குறுக்கும் 19 நெடுக்குமாக வரைந்த பலகையில் கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிப்பது.

அதில் கற்கிறவரின் தரத்தைக் க்யூ என்பார்கள். ஆரம்பக்காரர் 30 க்யூ அளவில் தொடங்கி, திறமை கூடக் கூட எண் குறைந்து 1 க்யூ வரை வருவார். அதற்கு மேல் டான். 1 டான், 2 டான் என்று ஏறும். இதில் அழகு என்னவென்றால், ஒரு தர வித்தியாசத்துக்கு ஒரு கல் என்பதே தரத்தின் பொருள். 3 க்யூ ஆளும் 7 க்யூ ஆளும் விளையாடினால் வித்தியாசம் நாலு. பலவீனமானவர் தொடக்கத்திலேயே பலகையில் குறித்த புள்ளிகளில் நாலு கறுப்புக் கல்லை வைத்துவிடுவார். பிறகு வெள்ளைக்காரர் முதல் கல்லை வைப்பார். வழக்கமாக ஒன்பது கல் வரை கொடுப்பார்கள். கேட்பதும் இல்லை, பேரம் பேசுவதும் இல்லை, கோபிப்பதும் இல்லை. "நீங்கள் எத்தனை க்யூ?" என்று கேட்டவுடன் முன்கொடுப்பும் முடிவாகிவிடும். ஐரோப்பிய கோ சம்மேளனத்தின் கணக்கில் ஒரு தரத்துக்கு 100 புள்ளி. முன்கொடுப்போடு விளையாடிய ஆட்டத்தையும் அவர்கள் எண்ணில் சேர்க்கிறார்கள். ஆனால் கொடுத்த கல்லின் பெறுமதியைக் கழித்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள்.

வாங்குவது அங்கே அவமானமில்லை. இன்று நாலு கல் வாங்குகிறவர் அடுத்த வருடம் மூன்று கல் வாங்கினால், தான் வளர்ந்ததைக் கண்ணால் காண்கிறார். தோற்றுக்கொண்டே இருந்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. முன்கொடுப்புக் குறையும்போது தெரியும்.

எங்கள் சனிக்கிழமை அளவுகள்

இனி நாங்கள் பாவிக்கும் அளவுகளைச் சொல்கிறோம். இவை சட்டம் இல்லை, நாங்கள் விளையாடிப் பார்த்து வைத்துக்கொண்டவை.

சதுரங்கத்தில் காயை எடுப்பதைவிட நேரத்தைக் குறைப்பதையே விரும்புகிறோம். காயை எடுத்தால் ஆட்டத்தின் உருவமே மாறிவிடும். பிள்ளை சரியான தொடக்க நகர்வுகளைப் பழக முடியாது. நேரத்தைக் குறைத்தால் பலகை அப்படியே இருக்கும். இருவருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று வைக்கிறோம். எண் சமம் என்றால் ஐந்தும் ஐந்தும். ஒவ்வொரு 100 வித்தியாசத்துக்கும் ஒரு நிமிடம் பலசாலியிடமிருந்து மற்றவருக்குப் போகும். 200 என்றால் மூன்று நிமிடமும் ஏழு நிமிடமும். 400 உம் அதற்கு மேலும் என்றால் ஒன்றும் ஒன்பதும். சதுரங்க மணிக்கூடு இல்லாதவர்கள் கைத்தொலைபேசியில் இரட்டை மணிக்கூட்டை இறக்கிக்கொள்ளலாம். நகர்வுகளே சரியாகப் பழகாத சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ராணியையோ கோட்டையையோ எடுத்து விளையாடுகிறோம்.

மேசைப்பந்தில் ஒவ்வொரு செற்றும் 11 புள்ளி. அங்கே ரி.ரி.ஆர் எண் உள்ளவர்களுக்கு இடையில் 50 வித்தியாசத்துக்கு ஒரு புள்ளி. 150 வித்தியாசம் என்றால் ஒவ்வொரு செற்றையும் பலவீனமானவர் 3 க்கு 0 என்று தொடங்குவார். ஆறு புள்ளிக்கு மேல் கொடுப்பதில்லை. அதற்கு மேல் போனால் செற் தொடங்க முதலே முடிந்த மாதிரி இருக்கும்.

கரத்தில் 25 புள்ளி ஆட்டம். அங்கே கொப்பியில் உள்ள எங்கள் எண்ணைப் பார்த்து 5 அல்லது 10 முன்னே கொடுக்கிறோம்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு. அதே இருவர் அதே முன்கொடுப்போடு பத்து ஆட்டம் விளையாடட்டும். ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு நாலு என்று வந்தால் சரி. எட்டுக்கு இரண்டு என்று வந்தால் ஒரு படி கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். தொடர்ந்து மூன்று ஆட்டம் ஒருவர் வென்றால் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு படி மாற்றுவது என்பதும் எங்களிடம் உள்ள விதி. அளவைத் தீர்மானிப்பவர் அந்த ஆட்டத்தில் விளையாடாத மூன்றாவது ஆளாக இருக்கவேண்டும். தொப்பிக் கதையில் வந்த மத்தியஸ்தரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒளித்து விளையாடுகிறவர்கள்

முன்கொடுப்பு என்றதும் ஒரு களவும் கூடவே வரும். சாதாரண நாட்களில் வேண்டுமென்றே தோற்று எண்ணைக் குறைத்து வைத்துக்கொண்டு, கிண்ணம் உள்ள நாளில் பெரிய முன்கொடுப்பு வாங்கி வெல்வது. பெரியவர்களே இதைச் செய்வார்கள்.

கோல்ஃப் விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் முன்கொடுப்பு எண் உண்டு. 2020 இலிருந்து உலகம் முழுவதற்கும் ஒரே முறை. அதில் ஒருவருடைய கடைசி 20 ஆட்டத்தில் மிகச் சிறந்த 8 ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். மோசமான 12 ஐ விட்டுவிடுகிறார்கள். வேண்டுமென்றே மோசமாக விளையாடியவன் அந்த மோசமான ஆட்டங்களால் லாபம் எடுப்பது கஷ்டம். கடந்த ஒரு வருடத்தில் எட்டிய சிறந்த எண்ணிலிருந்து 5 க்கு மேல் ஏறவும் முடியாது. இதைப் பார்த்து நாங்களும் ஒரு விதி வைத்திருக்கிறோம். கிண்ணப் போட்டிக்கு முன்கொடுப்பைக் கணிக்கும்போது, அந்த வருடத்தில் ஒருவர் எட்டிய மிக உயர்ந்த எண்ணையும் இன்றைய எண்ணையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுக்கிறோம்.

இரண்டு கணக்கையும் கலக்காதீர்கள்

இதுதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. எண் உண்மையைச் சொல்லவேண்டும். முன்கொடுப்பு ஆட்டத்தை உயிரோடு வைக்கவேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு. முன்கொடுப்போடு வென்றதை அப்படியே எண்ணில் ஏற்றினால் எண் பொய்யாகிவிடும். எண் பொய்யானால் அடுத்த முன்கொடுப்பும் பிழைக்கும். கோ விளையாட்டுக்காரரைப்போலக் கழித்துக் கணக்கிடத் தெரியாவிட்டால், முன்கொடுப்பு ஆட்டங்களை எண்ணில் சேர்க்காமல் விடுவது நல்லது. கொப்பியின் ஒரு பக்கத்தில் முன்கொடுப்பில்லாத ஆட்டங்கள், மறு பக்கத்தில் முன்கொடுப்பு ஆட்டங்கள். விழாவிலும் இரண்டு கிண்ணம் வைக்கலாம். ஒன்று வெறும் பலத்துக்கு. மற்றது முன்கொடுப்போடு. முதல் கிண்ணம் பழைய வீட்டுக்கே போகட்டும், உழைத்துப் பழகியவனுடைய பெருமையைப் பறிக்க வேண்டியதில்லை. இரண்டாவது கிண்ணம் யாருக்குப் போகும் என்று கடைசி ஆட்டம் வரை ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆட்டத்துக்குத்தான் மண்டபம் முழுவதும் வந்து சுற்றி நிற்கும்.

வாங்குவதில் உள்ள கூச்சம்

எங்கள் ஆட்களிடம் கடைசியாக ஒரு தடை இருக்கிறது. ஊரில் பாடசாலை அணியில் சதுரங்கம் விளையாடிய ஒருவர், இங்கே வந்து பத்து வருடம் பலகையைத் தொடாமல் வேலை, விசா, கடன் என்று ஓடியிருப்பார். இங்கே கழகத்தில் பழகும் பதினொரு வயதுப் பிள்ளை அவரை வெல்லும். "எனக்கு ஃபோர்காபே தருகிறாயா?" என்று அவருக்குக் கோபம் வரும். அண்ணை, அது உங்கள் ஆயுளுக்கு எழுதிய தீர்ப்பில்லை. இந்த மாதத்து எண். இரண்டு மாதம் விளையாடுங்கள், மாறும். தொழிற்சாலையில் புதிதாக இயந்திரத்துக்கு வந்தபோது முதல் கிழமையே எங்களிடம் பழையவர்களின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி ஏற்றினார்கள். அதை நாங்கள் ஒருவரும் அவமானமாக எடுக்கவில்லையே.

பெற்றாருக்கு ஒரு விடயம் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த நாட்டுப் பாடசாலைகளில் நாஹ்ரைல்ஸ்-அவுஸ்கிளைஹ் என்று ஒன்று உண்டு. பாதகத்தை ஈடுசெய்வது என்று பொருள். எழுத்து வாசிப்பில் இயல்பான சிக்கல் உள்ள பிள்ளைக்கோ, உடல் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ பரீட்சையில் மேலதிக நேரம் கொடுப்பது போன்றது. பரீட்சையில் எதிர்பார்க்கும் தரம் மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளதே. கதவுக்கு அருகில் வரும் வழியைத்தான் சமன் செய்கிறார்கள், கதவைத் திறப்பது பிள்ளைதான். ஆசிரியர் இதைப் பற்றிப் பேசும்போது "எங்கட பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். இருந்து கேளுங்கள். கரம் பலகையில் பத்துப் புள்ளி வாங்கி நேர்மையாக விளையாடப் பழகிய குடும்பத்துக்கு அதைக் கேட்பதும் சுலபமாக இருக்கும்.

வருகிற விழாவுக்குப் பெயர் எழுதும்போது, முதல் சுற்றில் தோற்றவர்களையும் ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். அளவு கொப்பியில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் தோற்காதீர்கள். தெரிய வைத்துக் கொடுங்கள், கொடுத்த பிறகு முழுப்பலத்தோடு விளையாடுங்கள்.

உங்கள் ஊரில் பாவிக்கும் அளவுகள் வேறாக இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறோம். அடுத்த இதழில், ஒரே மேசையில் எட்டுப் பேரை ஒருவரையும் வெளியேற்றாமல் எப்படி விளையாட வைப்பது என்று பார்ப்போம்.